ஊருக்கெல்லாம் சிநேகிதர்

சித்தப்பாவின் சாம்பல் நிறத் தொப்பியை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் தீவின் மோகா ஊர்க் கடைத்தெருவில் அது அவர் தலையில் இருந்ததைவிடக் கையில் ஆடியதே அதிகம். எதிரே வருபவர் நீதிபதியோ பால்காரரோ, தொப்பி எழும்பும். "எப்படி இருக்கீங்க?" என்பார். பதில் வருவதற்குள் அடுத்தவரிடம் போயிருப்பார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. தீவு முழுக்கத் தனக்குச் சிநேகிதர்கள் என்று பீற்றிக்கொள்வார்.

அம்மாவுக்கு இரண்டே சிநேகிதிகள். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னொருத்தி அடுத்த தெருவில் துணி தைத்த கிரியோல் பெண். எங்கள் வீட்டுப் பேச்சும் தீவின் கிரியோல் மொழிதான். உறவுமுறை மட்டும் தமிழில் மிஞ்சியிருந்தது. "அண்ணி, மனுஷங்களோட பழகத் தெரியாதா உங்களுக்கு?" என்று சித்தப்பா கேலி செய்வார். அம்மா ஒரே ஒரு முறை பதில் சொன்னாள்: "ஒருத்தியோட கஷ்டத்தைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் போயிடுது, தம்பி. ஊருக்கெல்லாம் நான் எங்கே போறது?"

பெரும்புயலில் சித்தப்பாவின் கூரை பறந்தது. மனைவி மக்கள் இல்லாதவர், சிநேகிதர்களின் வீடுகளைத் தேடிப் போனார். எல்லோரும் வாசலில் நின்று அன்பாகப் பேசினார்கள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில் நனைந்துபோய் எங்களிடம் வந்தார். எங்கள் வீடும் பாதிதான் நின்றது. அம்மா எல்லோரையும் தையல்காரியின் கல் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தையல்காரி தன் கட்டிலைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டுத் தையல் மேசைக்கடியில் பாய் விரித்துக்கொண்டாள். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது நர்ஸ் வந்து பார்த்துக்கொண்டாள். வாரக்கணக்கில் அங்கே சாப்பிட்டுத் தேறியவர், புதுக் கூரை போட்டதும் ஊரில் சொன்னது: "என் சிநேகிதர்கள் என்னைக் கைவிடல."

அவர் பொய் சொன்னதாக அப்போது நினைத்தேன். இல்லை, நம்பித்தான் சொன்னார். கூட்டத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அதற்காகவே அவருக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. நெருங்கிய ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தால், அங்கே பார்க்க எதுவுமில்லை என்று தெரிந்துவிடும். இன்று அவர் வயதை நானும் எட்டிவிட்டேன். வயது எனக்கு அவர்மேல் இரக்கம் எதையும் கொண்டுவரவில்லை.

தீவு சுதந்திரம் பெற்ற நாளன்று, கொடியேற்றம் முடிந்து நின்ற கூட்டத்தில், புதிதாகப் பதவிக்கு வந்த ஒருவரிடம் சித்தப்பா தையல்காரியை இழுத்துக் காட்டினார். "என் நெடுநாள் சிநேகிதி. புயலப்போ இவங்க வீட்லதான் இருந்தேன்."

அந்த மனிதர் மரியாதையாக அவள் பெயரைக் கேட்டார். சித்தப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்க, ஐயா," என்றாள் அவள் சித்தப்பாவிடம், "கி மோ நோம்? என் பேர் என்ன?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை.