குட்டையில் வைத்த சம்பு

சம்பு என்கிற சம்பங்கோரையைச் சும்மா அழகுக்கு வளர்த்த பைத்தியம், எங்கள் மலையில் பைல் நாடு என்கிற இந்தப் பக்கத்து ஊர்களிலேயே நான் ஒருத்திதான். சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கென்ன.

நான் மலையில் பிறந்தவள்தான். அப்பன் பிழைப்புக்காகக் கீழே இறங்கி அடிவாரத்து ஏரிக்கரையில் பண்ணையத்துக்கு இருந்ததால் அங்கே வளர்ந்தேன். அந்த ஏரியில் நிற்கும் சம்பு மேல் என் அம்மாவுக்கு ஒரு கிறுக்கு. கம்பங்கதிர் மாதிரி பழுப்பாக வரும் கதிரில் ஒன்றை ஒடித்து வந்து சொம்பில் நிறுத்திவைப்பாள். "எதுக்கும்மா இது?" என்றால், "பாக்கத்தான்" என்பாள். எனக்குக் கல்யாணம் பேசி முடித்த கையோடு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். என்னை மலைக்கே கட்டிக்கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலம், மலைக்கு ரோடு ஏது, நினைத்த நேரம் இறங்கிப் போக? போனாலும் அங்கே அம்மா இல்லை.

ஒரு தரம் போனபோது சம்புக் கிழங்கைத் தோண்டி, ஈரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்து ஏறி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் தேங்கும் குட்டையில் ஆழமாக ஊன்றினேன். அழுகிப்போச்சு. வந்ததே ஆத்திரம். மறுபடி போய்க் கொண்டுவந்து, முளை இருக்கிற துண்டாகப் பார்த்து அரிந்து, தாளைக் கட்டையாக வெட்டி, ஓரத்துச் சேற்றில் முளை வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். மலைக்குளிரில் அது லேசில் துளிர்க்கவில்லை. பச்சையாக ஒரு நுனி கிளம்பின அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. மழை முடிவதற்குள் புதராகிவிட்டது. பக்கக் கிழங்கைப் பிரித்துப் பிரித்து வைத்தேன். காற்றடித்தால் ஏரிச்சத்தம் கேட்கும்.

அதற்குள் கீழே ஏரி உடைந்து வற்றி, அதில் சோளம் விதைத்துவிட்டார்கள். இனி சம்பு என்றால் என் குட்டையில் இருப்பதுதான்.

எங்கள் பக்கம் தண்ணீரில் புல் நின்றால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறி என்று பேர். நான் செம்மேட்டுச் சந்தைக்குப் போயிருந்த அன்று, மருமகள் பேர் கெட வேண்டாமென்று மாமியார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக் குட்டையைச் சுத்தமாக்கிவிட்டாள். பிடுங்கினதையெல்லாம் நாற்று நடவிருந்த வயலில் தழையோடு தழையாகப் போட்டு மிதித்தாயிற்று. "பாரு கண்ணு, கண்ணாடியாட்டம் இருக்குது" என்றாள்.

"எங்கம்மா சொம்புல வெச்சுப் பாத்த கதிருங்க அது. அவளுதுன்னு எனக்கு இருந்ததே அது ஒண்ணுதானுங்க" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நடவு முடிந்து களையெடுக்க இறங்கினோம். மாமியார் கை பட்டால் வயலில் ஒரு புல் மிஞ்சாது. எனக்கு முன்னால் குனிந்து போய்க்கொண்டிருந்தவள் நடுவயலில் நின்றாள். நெல்லுக்கு நடுவில் சம்பு முளைத்திருந்தது. மிதித்த கிழங்கு சாகவில்லை. அவள் அதைத் தொடவில்லை. சுற்றியிருந்த நெற்பயிரைப் பிடுங்கி அதற்கு இடம் விட்டாள்.

"நெல்லைப் புடுங்கிட்டுப் புல்லை உடறீங்களே" என்று ஒருத்தி சிரித்தாள்.

"எங்கூட்டு வயலு, எங்கூட்டுப் புல்லு. உனக்கென்ன?" என்றாள் மாமியார்.

அறுப்பு முடிந்ததும் பெயர்த்துக் குட்டையில் வைத்தேன். மறுவருசம் கதிர் விட்டது. மாமியார்தான் ஒடித்து வந்தாள். சொம்பில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினாள். எதுக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் தங்கமானவள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் அந்தக் கதிரைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் அம்மாதான் வேண்டும்போல இருந்தது. இன்றைக்கும் வேண்டும்.