உறுமியைத் திருத்த விடாத கோமளா அக்கா

கோமளா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் மலேசியாவில் கெடா மாநிலத்துக் குருணில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய தங்கை ராணி. “அண்ணே, அக்கா போயிட்டாங்க. டயலிசிஸ் முடிச்சிட்டு வந்து படுத்தாங்க, எழுந்திரிக்கவே இல்ல” என்றார். ஒயரை அப்படியே போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் இரங்கல் செய்திகள். ‘அமைதியின் உருவம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரைச் சொல்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கும் அமைதிக்கும் ஏழாம் பொருத்தம். லூனாஸ் வட்டாரத்தில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத இசைக்குழு ஒன்றுகூடக் கிடையாது. அவரைத் தெரியாதவர்கள் அந்தச் செய்தியை நம்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் கண்டது லூனாஸில் ஒரு கோயில் திருவிழா மேடையில். நான் பாடப் போனவன். பின்னாலிருந்து உறுமிச் சத்தம் கிளம்பியது. தோலைக் குச்சியால் தேய்க்கும்போது அடியிலிருந்து வழுக்கிக்கொண்டே மேலேறுமே, அதே முனகல். உறுமிக்காரர்களைத் தேடித் திரும்பினால், ஒரு மடிக்கணினி, சின்ன கீபோர்டு, ஒரு கையால் அதை வாசித்தபடி மறு கையால் வடை தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி. “என்ன தம்பி முழிக்கிறீங்க? பாடுங்கலா” என்றார், எங்கள் ஊர் ‘லா’வைப் போட்டு. நான் எடுக்க வேண்டிய இடம் அதற்குள் தாண்டிப் போயிருந்தது.

கூலிம் தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிப்பது அவருடைய வேலை. வீட்டுக்கு வந்தால் சாஃப்ட்வேர் சிந்தசைசர், அதாவது கணினிக்குள்ளேயே இயங்கும் இசைக்கருவி. வேண்டிய ஒலியை நாமே அதில் கூட்டிக் குறைத்து உருவாக்கிக்கொள்ளலாம். அவர் உருவாக்கிய உறுமியைக் கெடாவில் பல குழுக்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்தின. “நெஜ உறுமி இருக்கையில இது எதுக்கு?” என்று கோயில் கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். அக்கா விடவில்லை. “நெஜ உறுமிய என்னைத் தொட விட்டீங்களா ஐயா? பொம்பளப் பிள்ள தொடக்கூடாதுன்னு தொரத்துனீங்க. சரி, இதத் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

அந்தச் சிந்தசைசரைத் தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனம், ஒவ்வோர் அப்டேட்டையும் வெளியிடுவதற்கு முன் பயனாளர் சிலருக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும். அக்காவும் அவர்களில் ஒருவர். இந்த முறை வந்த அப்டேட்டைப் போட்டுப் பார்த்த கையோடு எனக்குப் போன் அடித்தார். “தம்பி, உறுமி செத்துப்போச்சுலா.”

போய்க் கேட்டேன். புதிய பதிப்பு, நழுவும் சுரத்தைப் பிடித்துப் பக்கத்திலிருக்கும் சரியான சுரத்தில் தானாகவே நிறுத்திவிடுகிறது. வழுக்கி ஏற வேண்டிய முனகல் படிக்கட்டு ஏறியது. அக்கா முறையிட்டார். பழைய பதிப்பில் சுரம் அப்படி நழுவியதே ஒரு பிழை, அதைத் திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. “நம்ம சத்தம் பிழையாம். திருத்திட்டாங்களாம்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் கோபத்தின் உச்சியில் சிரிக்கும் சிரிப்பு அது.

“பழைய பதிப்பையே வெச்சிக்கலாமே அக்கா” என்றேன்.

“நான் வெச்சிக்கிறேன். நாளைக்கிப் புதுசா வாங்குறவங்களுக்கு? அவங்க கம்ப்யூட்டர்ல உறுமி படிக்கட்டு ஏறும். இதான் உறுமின்னு நம்பிக்குவாங்க. விடமாட்டேன்லா.”

அந்த வாரமே லூனாஸ் மண்டபத்தில் ஆடித் திருவிழா நடனத்துக்குப் பயிற்சி. அதில் ஆடும் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அக்காவின் உறுமி கிளம்பினாலே அவருக்கு அருள் வந்துவிடும். பாட்டை நிறுத்தி, திருநீறு பூசி உட்கார வைப்போம். இம்முறை பாட்டு புதிய பதிப்பில் ஒலித்தது. அந்த அம்மா கச்சாங் பூத்தே கடலையைக் கொறித்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் ஏறிட்டுப் பார்த்து, “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார். அக்கா மடிக்கணினியைப் படாரென்று மூடினார்.

பழைய சத்தம்தான் சரி என்பதை எப்படிச் சோதித்தீர்கள் என்று நிறுவனம் கேட்டிருந்தது. அக்கா அப்போது டயலிசிஸ் நாற்காலியில் இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டி, என் மின்னஞ்சலிலிருந்து அனுப்புவது வழக்கம்.

“எழுது தம்பி. பழைய பதிப்புல சாமி வந்துச்சு. புதுப் பதிப்புல வரல.”

“அக்கா, சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சி முடிச்சிட்டு வேலையப் பாக்கட்டும்.”

பக்கத்து நாற்காலியிலிருந்த மலாய்க்கார மக்சிக், வயதான அம்மா, என்ன சண்டை என்று விசாரித்தார். அக்கா மலாயில் முழுக் கதையையும் சொல்லி, சோர்ந்துபோன உடம்போடு உறுமியைத் தொண்டையில் முனகியும் காட்டினார். தாதி ஓடி வந்து, வலிக்கிறதா என்று கேட்டார். “வலிக்குது. ஊசியில இல்ல” என்றார் அக்கா. நான் எழுதியதை ஒரு சொல்கூட மாற்றாமல் அனுப்பினேன்.

அக்காவின் கருமாதி முடிந்த மறுநாள் நிறுவனத்தின் பதில் வந்தது. ‘இத்துடன் இறுதிச் சோதனைப் பதிப்பு உள்ளது. நீங்கள் சொன்ன குறை இதிலும் இருந்தால் தெரிவிக்கவும். பதில் இல்லையேல் புகாரை முடித்துவைப்போம்.’ ஆள் பேசாவிட்டால் குறையும் இல்லை என்று கணக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லூனாஸுக்குப் போனேன். ராணி மடிக்கணினியை எடுத்து வைத்தார். இறுதிப் பதிப்பை இறக்கி, உறுமியைத் திறந்து, அக்கா அழுத்தும் அதே கட்டையை அழுத்தினேன். படிக்கட்டு. இன்னொரு முறை அழுத்தினேன். “இது அக்கா உறுமி இல்லண்ணே” என்றார் ராணி. “அவங்க இல்லன்னு தெரிஞ்சிதான் மூடப் பாக்குறாங்களா?”

தெரிந்திருக்காது. தெரிந்தாலும் எனக்குக் கவலையில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: ‘புகார் கொடுத்த கோமளா இறந்துவிட்டார். குறை உயிரோடு இருக்கிறது. இன்று காலை சோதித்தேன். மூடாதீர்கள். இனிமேல் கேள்விகளை என்னிடம் கேளுங்கள்.’ ராணி தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். பிறகு நடனப் பிள்ளைகளைக் கேட்டோம், குழுக்களைக் கேட்டோம். பெயர்கள் இன்னும் வந்துகொண்டேயிருக்கின்றன.

நீங்கள் போய் வாருங்கள், அக்கா. சண்டை நடக்கிறது.