எழுத்து அழியாத சோப்பு

நீங்கள் நட்சத்திர ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உங்களைக் கொண்டுவந்து இறக்கிய டிரைவர் எங்கே ஒன்றுக்குப் போனார்? ஒருமுறையாவது கேட்டதுண்டா?

யசோதா கேட்பார். கேட்பதற்கு முன் எதிரில் இருப்பவரை முழுக்கப் பேசவிடுவார். ஓட்டலிலிருந்து வந்திருக்கும் விற்பனைப் பெண் நீச்சல் குளம், இலவசக் காலை உணவு, இத்தனை இரவு தங்கினால் ஓர் இரவு சும்மா என்று சொல்லிக்கொண்டே போவாள். இவர் அவள் கொண்டுவந்த பழக்கூடையை மேசைமேல் மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பார். அழுகிய பழத்தை எந்தப் பக்கமாக ஒளித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும், அந்தப் பக்கம் அவளைப் பார்க்கும்படி நிறுத்துவார். பிறகுதான் வாயைத் திறப்பார்.

"எல்லாம் சரிம்மா. டிரைவருங்க எங்க போவாங்க?"

"போவாங்கன்னா, மேடம்?"

"போவாங்கன்னா போறதுதான்."

கூடை அலுவலகப் பேன்ட்ரிக்குப் போய்விடும். ஒரு திராட்சையைக்கூட அவர் தொடமாட்டார். "அவங்க பழத்தத் தின்னா நாக்கு அவங்களுக்குத்தான் பேசும்" என்பார்.

யசோதா ஜோலார்பேட்டைக்காரர். காக்ஸ் டவுனில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறார். ஏர்போர்ட் ரோடில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர், இப்போது அங்கேயே டிராவல் டெஸ்க் பார்க்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு ஓட்டலில் அறை பிடிக்க வேண்டும், கார் அனுப்ப வேண்டும். இந்த 2004-ல் பெங்களூரில் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் பிடிப்பது சுலபம், வார நாளில் ஓட்டல் அறை பிடிப்பது கஷ்டம். ஓட்டல்காரர்கள் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்றுகிறார்கள். ஏற்றிய கையோடு பரிசும் நீட்டுகிறார்கள். அந்த இரண்டாவது காரியம்தான் யசோதாவை உறுத்துகிறது. "கூட்டம் தானா தேடி வருது. அப்புறம் எதுக்கு சும்மா குடுக்கிறான்? சும்மா இல்ல. யாரோ குடுத்துட்டிருக்காங்க. அது யாருன்னு பாக்கணும்."

ஓட்டல்களின் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. நாடு முழுக்கக் கிளை பரப்பிய இரண்டு ஓட்டல்கள் அவர் நிறுவனத்துக்காகப் போட்டி போடுகின்றன. முகப்பில் மீன்தொட்டி வைத்திருப்பது 'மீன்தொட்டி'. கறுப்புப் பியானோ வைத்திருப்பது 'பியானோ'. "பேரச் சொல்லச் சொல்ல நாமளே விளம்பரம் பண்ணிட்டிருக்கோம். சம்பளம் எவன் குடுக்கிறான்?" இந்தப் பெயர்கள் டிரைவர்களுக்கும் அலுவலகத்துக்கும் பழகிவிட்டன. ஒரு ஜெர்மானிய விருந்தினர், தன்னை எதற்காக மீன்தொட்டியில் தங்கவைக்கப் போகிறீர்கள் என்று கவலையோடு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார்.

ஓட்டல்கள் அனுப்பும் படிவங்களில் பிறந்தநாள் கேட்பார்கள். யசோதா மீன்தொட்டிக்கு ஒரு தேதி கொடுத்திருக்கிறார், பியானோவுக்கு வேறொரு தேதி. இரண்டிலும் அவர் பிறக்கவில்லை. அந்தந்த நாளில் அந்தந்தக் கேக் வரும், பேன்ட்ரிக்குப் போகும். ஒருநாள் கிரெடிட் கார்டு விற்கும் பெண் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, "ஹாப்பி பர்த்டே மேடம்" என்றாள். யசோதா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அது பியானோவுக்காக அவர் பிறந்த நாள். "ரொம்ப தேங்க்ஸ்மா. என்னை வித்தது யாருன்னு தெரியாம இருந்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

லாயல்டி கார்டு என்கிறார்கள். அதைத் தமிழில் 'விசுவாச அட்டை' என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கூச்சமாக இல்லையா? விசுவாசம் என்ற சொல்லை நாம் வேலைக்காரர்களுக்கும் நாய்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்தோம். இப்போது படித்தவர்கள் அதைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துப் பர்ஸில் செருகிக்கொள்கிறார்கள். தங்குகிறவர் யாரோ. பணம் கட்டுவது கம்பெனி. ஒவ்வோர் இரவுக்கும் சேரும் புள்ளிகள் மட்டும் அறை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறவரின் பெயரில் ஏறுகின்றன. தாலுகா ஆபீசில் இதையே மேசைக்கு அடியில் செய்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. மேசைக்கு மேலே, தங்க நிறத்தில் செய்தால் அது சலுகை.

சென்ற மாதம் அப்படி ஒரு தங்க அட்டைக்கும் பின்வாசலுக்கும் நடுவில் ஒரு மனிதரின் பிழைப்பு வந்து மாட்டிக்கொண்டது.

பியானோவில் தங்கியிருந்த விருந்தினர் ஒருவர் வாசலுக்கு வந்து நின்றார். மைக்கில் வண்டி நம்பரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். வண்டி வெளியே நிற்கிறது, டிரைவரைக் காணோம். விருந்தினர் வேறு டாக்ஸியில் ஏறிப்போய், முக்கியமான கூட்டத்துக்குத் தாமதமாகி, கோபத்தோடு புகார் எழுதினார். நிர்வாக மேலாளர் ஹரிஷ்குமார் அன்றைக்கே கார் ஏஜென்சிக்குப் போன் செய்து, அந்த ஆள் இனி வேண்டாம் என்றார். கம்பெனி வேண்டாம் என்றால் ஏஜென்சிக்கும் வேண்டாம்.

அந்த ஆளின் பெயர் கோவிந்தப்பா. ஈஜிபுராவில் வாடகை வீடு. தலை நரைத்தவர், பேச்சில் வளைந்து கொடுக்காதவர். யசோதாவைப் பார்க்க வந்து நின்றார். யசோதா அவரையும் நம்பவில்லை. சந்தேகத்தில் அவர் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை.

"தனியா சவாரி அடிக்கப் போயிட்டீங்களா, கோவிந்தப்பா?"

"வண்டி அங்கயேதானே மேடம் நின்னுச்சு. வண்டிய உட்டுட்டு எதுல சவாரி அடிக்கிறது, தோள் மேலயா?"

"அப்ப எங்க போனீங்க?"

"ஒண்ணுக்குதான். எனுக்கு சக்கர இருக்குது, அடக்க முடியாது. ஓட்டலுக்குள்ள உட மாட்டான். ரோடு தாண்டி ஒரு காலி சைட்டு கீது, அங்கதான் எல்லா டிரைவரும் போறது. அங்கயும் வாச்மேன் இருந்தா கல்ல எடுக்கிறான். பேஜார் மேடம். தண்ணி குடிக்கிறதையே உட்டுட்டேன். நாக்கு மரக்கட்ட மாதிரி ஆயிடுது. சும்னே சொல்லல, வேணும்னா யாரையாச்சும் கேளுங்க."

யசோதா யாரையும் கேட்கவில்லை. பியானோவுக்கு எழுதிக் கேட்டார். மறுநாளே பதில் வந்தது. டிரைவர்களுக்கென்று கழிப்பறையோடு தனி ஓய்வறை இருக்கிறது, எப்போதும் திறந்திருக்கும் என்று விற்பனை மேலாளர் தர்ஷினி கையெழுத்திட்டிருந்தாள்.

"பாத்தீங்களா? ஆள் பொய் சொல்றான். விஷயம் முடிஞ்சுது" என்றார் ஹரிஷ்குமார்.

அவர் கெட்டவர் அல்ல. டிரைவர் வீட்டுக் கல்யாணம் என்றால் மொய் எழுதுகிறவர். ஆனால் அவர் மேசையில் பியானோவோடு ஓராண்டுக்கான ஒப்பந்தம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பக்கத்திலேயே அவர் பெயர் பொறித்த தங்க அட்டை. அதில் சேரப்போகும் புள்ளிகளில் பிள்ளைகளைக் கோவாவுக்கு அழைத்துப்போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். தவிர, எழுதிக் கொடுத்தது ஓட்டல், வாயால் சொன்னது டிரைவர். இந்த நாட்டில் இப்படிப்பட்ட வழக்குக்கு நீதிபதி தேவைப்படுவதில்லை.

"நான் ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன் சார். அதுவரைக்கும் கையெழுத்து போடாதீங்க."

"ஒரு டாய்லெட்டைப் போய் இன்ஸ்பெக்ட் பண்ணப் போறீங்களா?"

"ஆமா சார். சூட் ரூமத்தான் எல்லாரும் பாக்குறாங்களே."

தர்ஷினி ரோஜாக் கொத்தோடு நின்று வரவேற்றாள். புதிய சூட் அறையை முதலில் பார்க்கலாம் என்றாள். யசோதா பின்வாசலுக்கு வழி கேட்டார். பின்வாசல் இந்த ஓட்டல்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. யார் எந்த வழியாக வரவேண்டும், யார் எந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் இந்த நாடு வெகுகாலமாகக் கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. இவர்கள் அதன் முன்னால் பூந்தொட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு கதவு. மேலே 'டிரைவர்கள் ஓய்வறை' என்று மூன்று மொழிகளில் பலகை. கதவு திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுழன்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கழுவிய தரை, பினாயில் வாடை. கழிப்பறை இருந்தது. குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது.

யசோதாவுக்குக் கோவிந்தப்பாவின்மேல் ஆத்திரம் வந்தது. சர்க்கரை, கல்லெறி, மரக்கட்டை நாக்கு, எல்லாம் எவ்வளவு அழகான கதை. கொஞ்சம் விட்டிருந்தால் இவரே ஏமாந்திருப்பார். கைகழுவிவிட்டுக் கிளம்பலாம் என்று சோப்பை எடுத்தார்.

விருந்தினர் அறைகளில் வைக்கும் வெள்ளைச் சோப்பு. ஓட்டலின் பெயர் அதில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. ஓர் எழுத்தும் மழுங்கவில்லை. யசோதா அதை நனைக்காமல் நின்றார்.

"நான் வர்றேன்னு இன்னிக்கு எடுத்து வெச்சீங்களா?"

தர்ஷினிக்கு முகம் சுருங்கியது. "அய்யோ, அப்படியெல்லாம் செட்டப் பண்ண மாட்டோம் மேடம். இது எப்பவும் இங்கயேதான் இருக்கும். வெச்சே ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாளாச்சா?"

"ஆமா மேடம். மாசக்கணக்கா."

யசோதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மதிலுக்கு அப்பால் சாலையோரம் முழுக்கக் கார்கள். அத்தனைக்கும் அத்தனை டிரைவர்கள். மாதக்கணக்காக இங்கே ஒரு கைகூட நனையவில்லை. சோப்பை வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துகளின் பள்ளத்தில் தூசி கோடாகப் படிந்திருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சோப்பு வேணும்னா கிஃப்ட் பேக்கே தர்றேன் மேடம்."

"வேணாம்மா. எனக்கு இதுதான் வேணும்."

தர்ஷினிக்கு அப்போதுதான் தான் சொன்னது என்ன என்று புரிந்தது. பலகையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வண்டிவரை கூடவே வந்தவள், ரோஜாக் கொத்தைக் கொடுக்கும் சாக்கில் குனிந்து, "சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கும் மேடம். யாராச்சும் பாக்க வந்தா தொறப்பாங்க. நான் சொன்னதா இருக்க வேணாம்" என்றாள்.

ஹரிஷ்குமார் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். யசோதா சோப்பை ஒப்பந்தத்தின்மேல் வைத்தார்.

"என்ன இது?"

"படிங்க சார்."

அவர் ஓட்டலின் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"எழுத்து தெளிவாத் தெரியுதா?"

"தெரியுது."

"உங்க வீட்டுச் சோப்புல எழுத்து எத்தினி நாளைக்கு இருக்கும்? இது மாசக்கணக்கா அங்க இருக்குதாம். அவங்களே சொன்னாங்க."

ஹரிஷ்குமார் பெருவிரலால் எழுத்துகளைத் தடவினார். விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்தார். எழுந்து கைகழுவப் போனார். கழிப்பறை அவர் அறைக்கு அடுத்த கதவு.

கோவிந்தப்பா மறுபடி வண்டி எடுக்கிறார். ஒப்பந்தம் பியானோவுக்கே போனது. கோவாவும் பிழைத்தது. ஆனால் டிரைவர் அறையைப் பூட்டக்கூடாது என்று அதில் ஒரு வரியைச் சேர்க்கவைத்தார் ஹரிஷ்குமார். அந்த வரியையும் யசோதா நம்பவில்லை. "எழுதினா பூட்டு தொறந்துடுமா? போன கடுதாசியிலகூடத்தான் தொறந்திருந்துச்சு." பியானோவில் என்ன வேலை இருந்தாலும் முதலில் பின்பக்கம் போய்ச் சோப்பைப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வருகிறார்.

போன வெள்ளிக்கிழமையும் போனார். அங்கே வைத்திருந்த புதுச் சோப்பு பாதியாகக் கரைந்து, ஓட்டலின் பெயரில் இரண்டே எழுத்து மிஞ்சியிருந்தது. ஒரு மூலையில் கறுப்பாக கிரீஸ் கறை. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். யசோதாவுக்கு, இவர்களே தேய்த்து வைத்திருந்தால் என்ன என்று தோன்றியது. வெளியே வந்து கோவிந்தப்பாவைத் தேடிப் பிடித்தார்.

"கைய நீட்டுங்க."

"இன்னா மேடம்?"

"நீட்டுங்க சொல்றேன்."

கோவிந்தப்பா நீட்டினார். யசோதா குனிந்து அந்தக் கையை மோந்து பார்த்தார். நிமிரும் வழியில் வண்டிக்குள் கண் போனது. முன்சீட்டில் தண்ணீர் பாட்டில் ஒன்று பாதி காலியாகக் கிடந்தது.

யசோதா ஒருவர்தான் இருக்கிறார். ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. அடுத்த முறை வரவேற்பு மேசையில் உங்கள் விசுவாச அட்டையை நீட்டுவதற்கு முன், டிரைவர்களின் அறை எங்கே என்று கேளுங்கள். இருக்கிறது என்பார்கள். நம்பாதீர்கள். பின்வாசல் வழியாக நீங்களே போய், அங்கிருக்கும் சோப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்.