கவுன்சிலிங்குக்கு ஆள் அனுப்பிய கதை

தற்கொலையைத் தடுக்க அரசாங்கம் சட்டம் போட்டு நிதியும் ஒதுக்கியதாம். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு அது முதலில் பேனராகத்தான் வந்து சேர்ந்தது. உயிர் விலைமதிப்பற்றது என்ற வரி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க, மீதி இடமெல்லாம் கும்பிட்டபடி சிரிக்கும் முகங்கள். கவலையோடு பார்ப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கவலை கூடும்.

பிறகு வாரம் ஒரு நாள் கவுன்சிலிங் மேடம் வந்தார். ஆயுதபூஜை சாமான்கள் கிடந்த அறையை ஒழித்து, திரை போட்டு அவரை உட்காரவைத்தார்கள். நல்ல மனுஷி. ஆனால் அவரிடம் ஆள் அனுப்பும் பொறுப்பு எங்கள் சூப்பர்வைசருடையது. கம்பெனிக்குள் எது வந்தாலும் டார்கெட் ஆகிவிடும். ஒவ்வொரு அசெம்பிளி லைனுக்கும் இரண்டு பேர் என்று மேலிருந்து உத்தரவு. யார் போனால் வேலை கெடாதோ அவர்களாகப் பார்த்து அனுப்பினார். என் கை மெதுவாக ஓடும் புண்ணியத்தால் எனக்கு வாராவாரம் மனக்கஷ்டம் வந்தது. சொல்ல ஒன்றும் இல்லாமல் கேண்டீன் சாம்பாரைப் பற்றிப் புலம்பிவிட்டு வருவேன்.

உண்மையில் அந்த அறைக்குப் போயிருக்க வேண்டியவள் என் ரூம்மேட். தென்காசிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். வடக்குப்பட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். சாப்பாட்டைத் தொடுவதில்லை, ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. ஒரு காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லக்கா."

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் கையை விடாமல் பிடித்தபடி பஸ் ஏறினேன். நல்லவேளை, அன்று மேடம் வரும் நாள்.

எனக்குப் பதில் அவளை அனுப்பச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். லைனிலேயே வேகமான கை அவளுடையது, அவள் இல்லாவிட்டால் லைனே படுத்துவிடும், வழக்கம்போல நீயே போ என்றார். யாருக்கும் தான் வேண்டாம் என்று நினைத்திருந்தவளை, விடவே முடியாது என்கிறார் ஒருவர், அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, ரத்தம்தான் கொதித்தது.

லைனில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பீஸில் குறை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அமுக்கி லைனை நிறுத்தலாம். போய் அமுக்கினேன். விளக்கு எரிந்தது, எச்சரிக்கைப் பாட்டு அலறியது, ஒரு ஸ்க்ரூ விட்டுப்போனால் ஓடிவரும் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள்.

"இன்னாம்மா டிபெக்ட்டு? எந்த பீஸு?" என்றார் சூப்பர்வைசர்.

அவர் காதோரம் போய்ச் சொன்னேன். "பீஸெல்லாம் நல்லாத்தான் கீது சார். ஆளுதான் நல்லா இல்ல. அவள மேடம்கிட்ட வுட்டுட்டு வரேன், அப்பால லைன ஓட்டுங்க."

பெரிய அதிகாரி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் சூப்பர்வைசரால் வாதாட முடியவில்லை. அவளை மேடத்திடம் விட்டுவிட்டு, அவள் இடத்தில் நான் நின்றேன். அன்றைய டார்கெட் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெகுநேரம் கழித்துக் கண்கள் வீங்கி வெளியே வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டதா என்று சூப்பர்வைசர் ஆவலோடு விசாரித்தார்.

"இல்ல சார். நாளைக்கு ஆஸ்பத்திரியில வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க. நான் போகணும்."

அவள் நாளைக்கு என்று சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.