டர்போ ஆறும் வரை

எங்கள் பழைய காருக்கு டர்போ எதற்கு என்று எவ்வளவோ சண்டை போட்டேன். பினாங்குப் பாலம் ஏறினாலே அதற்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, இழுவையைக் கூட்டும் அந்த டர்போவை மாட்ட என் வீட்டுக்காரர் ஜெலுத்தோங் பட்டறைக்கு ஓட்டிப் போய்விட்டார்.

பட்டறைக்கார அண்ணன் முதலில் எஞ்சினின் கம்ப்ரெஷனைச் சோதித்துப் பார்த்தார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடின காடி லா. டர்போ தள்ளுற காத்தழுத்தத்த கொஞ்சமாத்தான் வைப்பேன். ஆயில சீக்கிரம் சீக்கிரம் மாத்துங்க. வீட்டுக்கு வந்ததும் உடனே ஆஃப் பண்ணாதீங்க. டர்போ சூடு ஆறட்டும்."

இன்று மகளைப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏற்றிவிட்டோம். சிங்கப்பூரில் வேலை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "போய்ட்டு வாம்மா" என்று சொன்னவர் இவர்தான். திரும்பும்போது பாலம் முழுக்க நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். கார் மட்டும் சிரமமில்லாமல் ஏறியது.

வீட்டு வாசலில் நின்றதும் கதவைத் திறந்தேன்.

"இரு, சூடு ஆறணும்."

"எனக்கா, காடிக்கா?"

"காடிக்குத்தான் லா."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ இல்லாத வீட்டுக்குள்ள போக எனக்கும் மனசு வரல."

திறந்த கதவை மறுபடியும் சாத்திக்கொண்டேன்.

டர்போ எப்போதோ ஆறியிருக்கும். அவரும் சாவியைத் திருப்பவில்லை, நானும் திருப்பச் சொல்லவில்லை.

காரில் டர்போ இல்லாதவர்களே, நீங்களெல்லாம் எப்படித்தான் சமாதானமாகிறீர்கள்?