வெறும் வயருக்கு எரிகிற நீல லைற்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதற்குப் பிறகு கையெழுத்து வைக்க மட்டும்தான் பேனை பிடித்தேன். மறதியும் வந்துவிட்டது, முன்னுக்குப் பின் மாறி எழுதினால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது, இரண்டு பேர் சேர்ந்து பார்த்தாலே தலையைக் குனிந்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பேய், ஆவி என்று நான் ஒருநாளும் நம்பினதில்லை. வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கதைகள் கேட்கக் கிடைக்காமல் இல்லை, ஆனால் என்ரை மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் போனவர். செத்தவர்கள் வருவதென்றால் அவர் வந்திருப்பார். எத்தனை வருடம் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன், ஒருநாளாவது வந்தாரா, இல்லை. அதனால் யாராவது அப்படிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவேன். இனி நான் சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

என் மகன் சுதனும் கடல் தொழில்தான். எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு அறையில் அருள் என்று ஒருவன் இருந்தான், முப்பது வயது இருக்கும், தாய் தகப்பன் இல்லை, சண்டைக் காலத்தில் எல்லோரையும் இழந்துவிட்டுத் தனியாக வந்தவன். சுதனுடைய வள்ளத்தில் அவனும் போவான், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என்னையும் அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

கரண்ட் நின்று நின்று வந்த அந்தக் கெட்ட காலத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்குப் போனில் சார்ஜ் இருக்காது. அப்போதுதான் சுதன் ஒரு பெட்டி செய்தான். பழுதாய்ப்போன லப்டொப்பைப் பிரித்து அதற்குள் இருந்த உருண்டைப் பற்றரிகளை எடுத்து, ரவுண் கடையில் வாங்கின ஒரு சின்னக் கரண்ட் பலகையோடு, சேர்க்கிட் என்பார்கள், வயர் ஒட்டி, மாஜரீன் பெட்டிக்குள் வைத்து மூடினான். ஈயம் உருக்கி ஒட்டும்போது வயரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், கலாவுக்கு, அவள்தான் மருமகள், அந்தப் புகை ஒத்துவராது. பெட்டியில் ஒரு நீல லைற், பக்கத்தில் நாலு சிவப்புப் புள்ளி. பெட்டியிலிருந்து கரண்டை ஏதாவது இழுத்தால்தான் நீல லைற் எரியும். இழுக்க ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். சிவப்புப் புள்ளி எவ்வளவு மிச்சம் என்று காட்டுவதற்கு. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

சுதனுடைய பெரிய போனுக்குப் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. அருளிடம் இருந்தது பட்டன் போன், அதற்கு வேறு வயர், கட்டையான கறுப்பு வயர். அதைக் கொழுவினால் நீல லைற் வரும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். எத்தனை தரம் போட்டாலும் அப்படித்தான்.

"அண்ணை, உங்கடை பெட்டிக்கு என்ரை போனிலை மதிப்பில்லை" என்று அருள் பகிடி பண்ணுவான்.

"அதில்லையடா. உன்ரை போன் இழுக்கிறது கொஞ்சம், காணாது. அதாலை ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சுப் பெட்டி நித்திரையாப் போகுது."

"அப்ப நான் ஒருத்தரும் இல்லையோ? அம்மா, உங்கடை மோன் சொல்லுறதைக் கேட்டியளே?"

"நீ முதல்லை சோத்தைத் தின்னடா, புட்டு ஆறுது" என்று நான் சொன்னேன். சோறா புட்டா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லையென்று அதற்கும் சிரித்தான்.

சுதன் அதைச் சரிப்பண்ணப் பல விதமாகப் பார்த்தான். பழுது பார்க்கிற முறையை எனக்கும் சொல்லித் தந்திருந்தான். "முதல் வயரை மாத்திப் பாருங்கோ அம்மா. பிறகு பெட்டியிலை வயர் கொழுவுற வாயைத் துடையுங்கோ, உப்புக் காத்துக்குக் கறள் பிடிக்கும். அதுக்கும் சரிவராட்டிப் பற்றரி சுடுதோ எண்டு கையை வைச்சுப் பாருங்கோ. சுட்டால் வெளியிலை மண்ணிலை வைச்சிடுங்கோ." அன்றைக்கும் மத்தியானம் அருளின் வயரைப் போட்டு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தான், சரிவரவில்லை. பின்னேரம் இரண்டு பேரும் தொழிலுக்கு வெளிக்கிட்டார்கள். நான் குசினிக்குள், அடுப்படியில் நின்றேன். தாலி இல்லாதவள் கடலுக்குப் போகிறவன் முன்னால் வருவதில்லை, அது எங்கள் வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் சுதன் கரையிலிருந்து போன் எடுத்தான்.

"அம்மா, பெட்டியை மேசையிலை விட்டிட்டன்."

"வந்து எடன் தம்பி."

"வெளிக்கிட்டாச்சு, இனித் திரும்பி வாறேல்லைத்தானே. கலாவிட்டைக் குடுத்து விடுங்கோ."

ஓம், அதுவும் எங்கள் வழக்கம். கடலுக்கென்று படலையைத் தாண்டினவன் மறந்த சாமானுக்காகத் திரும்பி வீட்டுக்குள் வரமாட்டான். கலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர வள்ளம் தள்ளியாயிற்று. போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடவும் கூடாது. அவள் பெட்டியோடு நின்றாளாம். அருள் மட்டும் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, பெட்டியைக் கண்டு, தன்ரை போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தானாம். கலா அணைந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அருளின் கறுப்பு வயர் அதில் கொழுவினபடியே இருந்தது.

இரவு காற்று எழும்பிவிட்டது. விடிந்தது, மற்ற வள்ளங்கள் வந்தன, எங்கள் வள்ளம் வரவில்லை. சுதனின் போனுக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை. அருளின் போனும் அப்படித்தான். கலா கரைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் விளக்குமாறை எடுத்து வீட்டைக் கூட்டினேன். மேசைக்குக் கிட்டப் போகும்போதுதான் கண்டேன், நீல லைற் எரிந்துகொண்டிருந்தது. வயரின் மற்றத் தலைப்பு மேசையில் வெறுமனே கிடந்தது, அதில் ஒன்றும் இல்லை. நாலு சிவப்புப் புள்ளியில் ஒன்று குறைந்திருந்தது.

நான் பயப்படவில்லை, பழுது என்றுதான் நினைத்தேன். சுதன் சொன்ன முறைப்படி வயரைக் கழற்றினேன், லைற் அணைந்தது. வாயைத் துடைத்தேன், கறள் இல்லை. பற்றரியில் கையை வைத்தேன், சூடு இல்லை. திரும்ப வயரைக் கொழுவினேன், எரிந்தது. அணையும் அணையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அணையவில்லை. அருளின் போன் கொழுவியிருந்தபோதே அந்த வயருக்கு நிற்காத லைற் அது.

கலா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். பிறகு சின்னக் குரலில், "மாமி, இவரின்ரை வயரைப் போட்டுப் பாருங்கோ" என்றாள்.

அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்று எனக்கு விளங்கியது. நானும் அதைத்தான் நினைத்தேன், அதுவும் அணையாமல் எரிந்தால் சுதன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று, வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது. சுதனின் வயரை எடுத்துக் கொழுவினேன். லைற் வந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். அணைந்துவிட்டது. திரும்பப் போட்டேன், திரும்பவும் அணைந்தது. கலா நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்து அழத் தொடங்கிவிட்டாள். "எடியே, இது பழுதடி, பழுதுப் பெட்டியைப் பாத்து அழாதை" என்று நான் அவளை ஏசினேன்.

எனக்கு அது பழுது என்று யாராவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடை கண்ணிக்குத் தனியாகப் போகாதவள், அன்றைக்குக் கறுப்பு வயரோடு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சந்தியில் போன் திருத்துகிற கடைக்குப் போனேன். பழக்கமில்லாத பொடியன்.

"தம்பி, இது அணையுதில்லை" என்றேன்.

"எல்லாரும் அணையுதெண்டுதான் கொண்டு வருவினம். நீங்கள் அணையேல்லையெண்டு வாறியள்" என்று சிரித்துக்கொண்டு, கரண்ட் எவ்வளவு போகிறதென்று காட்டுகிற சின்ன மீற்றரைப் பெட்டிக்கும் வயருக்கும் நடுவில் கொழுவினான். அதில் இலக்கங்கள் ஓடின.

"ஏதோ இழுக்குதம்மா. பெரிய போன் இல்லை. பட்டன் போன் ஒண்டுக்குச் சார்ஜ் ஏறுற அளவு."

"அங்காலை ஒண்டும் கொழுவேல்லையே."

"அதுதான் நானும் பாக்கிறன்." அந்த வயரைத் தன்ரை சார்ஜரில் போட்டான், ஒன்றுமில்லை என்று மீற்றர் காட்டியது. தன்ரை வயரைப் பெட்டியில் போட்டான், ஒன்றுமில்லை. பெட்டியும் கறுப்பு வயரும் சேர்ந்தால் மட்டும்தான் இழுக்கிறது. அவன் சிரிப்பதை விட்டுவிட்டான். "ஆரின்ரை பெட்டியம்மா?"

"என்ரை மோன்ரை. சுதன்."

"வள்ளம் வந்திட்டுதே?"

நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன். அவன் வயரைக் கழற்றாமல் அப்படியே பெட்டியைப் பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் தந்தான்.

சுதன் அடுத்தநாள் பின்னேரம் வந்தான். வேறு ஊர் வள்ளக்காரர் கண்டு கட்டி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அவன் மட்டும்தான் வந்தான். கலா அவனைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை ஒருபக்கம், நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அருள் பின்னால் வருவான் என்று.

இரவு எஞ்சின் நின்றுவிட்டதாம். சுதனின் போனில் சார்ஜ் முடிந்துவிட்டதாம். விடியப்போகிற நேரம் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிய, அருள் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் ஏறி நின்று தன்ரை போனின் ரோச் லைற்றைப் போட்டு ஆட்டினானாம். சார்ஜ் ஒரு கோடுதான் இருந்ததாம். அந்த நேரம்தான் அலை அடித்தது.

"போன் கையிலைதான் இருந்தது, ரோச் எரிஞ்சபடி" என்றான் சுதன். "நான் எட்டிப் பிடிக்கப் பாத்தன் அம்மா. வெளிச்சம் கீழை போய்க்கொண்டு இருந்தது. கீழை, கீழை. தண்ணி பட்டால் நிண்டிடும்தானே? அது அணையேல்லை. என்ரை கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போகுமட்டும் அணையேல்லை."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவன் மேசையைக் கண்டான். நீல லைற்றைப் பார்த்தான், கறுப்பு வயரைப் பார்த்தான். "ஆர் இதைப் போட்டது?" என்று கேட்டான். அப்போது சிவப்புப் புள்ளி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சுதன் உடுப்புக்கூட மாற்றாமல் பெட்டியைக் கொண்டுபோய் வீட்டுக் கரண்டில் போட்டான். வயரைக் கழற்றவில்லை.

அருளின் உடல் கிடைக்கவில்லை. செய்ய வேண்டியதை உடல் இல்லாமலே செய்தோம். அதற்குப் பிறகாவது அணையும் என்று பார்த்தேன், அணையவில்லை. ஒருநாள் வீட்டில் ஒருவரும் இல்லாதபோது நானே கழற்றிவிடலாம் என்று வயரைப் பிடித்தேன். "அப்ப நான் ஒருத்தரும் இல்லையோ" என்று அவன் கேட்டது நினைவு வந்தது. விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் அது சாமி அறைக்கு அடுத்த மேசையில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. புள்ளி ஒன்றாகக் குறைந்தால் கரண்டில் போடுகிறோம், கரண்ட் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சோலாரில் கொண்டுபோய்ப் போடுகிறேன். ஏன் என்று அவர்கள் கேட்பதில்லை. சுதன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். எனக்கு விளங்காத ஒன்று இதுதான். பட்டன் போனென்றால் ஒரு பின்னேரத்துக்குள் நிறைந்துவிடும், நிறைந்தால் இழுப்பது நின்று லைற் அணைய வேண்டும். இது இன்னும் நிறையவில்லை.

வயர், பற்றரி பற்றி நான் எழுதினதில் பிழை இருக்கும். இந்த வேலை தெரிந்த யாராவது வாசித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள், வெறும் வயர் இப்படி இழுக்கிற பழுது ஏதாவது இருக்கிறதா என்று. இருக்கிறதென்றால் எனக்கு நிம்மதி. வந்து பார்க்க விரும்பினாலும் வாருங்கள், தேத்தண்ணி தரலாம். வயரை மட்டும் கழற்ற வேண்டாம்.