கின்டாவின் சிரிப்பு

நகுமோ தமயோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜப்பானில் கவாகோயே ஊரில் தனியாக இருந்தாள். படப்பிடிப்புகளுக்கு நாய்களைப் பழக்குவதுதான் பிழைப்பு. அவளுடைய கின்டா என்ற ஷிபா நாய், டிவியில் தினம் காலை இரண்டு நிமிஷம் வரும். கடைத்தெருவில் பாய்ந்து ஓடும், மீன்கடைக்காரர் மேல் தாவும், கடைசியில் காமிராவைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகே வேலைக்குக் கிளம்புவதாகப் பலர் கடிதம் எழுதினார்கள்.

அது சிரிப்பில்லை, மூச்சிரைப்பு என்று தமயோவுக்குத் தெரியும். ஓடிய நாய்க்கு இரைக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டாள். ஏழாவது வயதில், சும்மா படுத்திருக்கும்போதும் கின்டா சிரிக்கத் தொடங்கியது. ஈறு வெளிறிக் கிடந்தது.

"இதயம் வீங்கியிருக்கு. வெயில்ல ஓட விடாதீங்க" என்றார் மருத்துவர்.

டைரக்டர் உசாமியிடம் போய்ச் சொன்னாள்.

"அது மூஞ்சியப் பாருங்க நகுமோ-சான், எவ்ளோ குஷியா இருக்கு! நீங்கதான் எப்பவும் அழுமூஞ்சி. கோடை விழா மட்டும் முடிச்சுக் குடுங்க, அப்புறம் ஓய்வுதான்."

அவள் தலையசைத்தாள். அதற்காக இன்றும் தன்னையே நொந்துகொள்கிறாள்.

ஆகஸ்டில், விழா நடந்த குமகயா நகரம் கொதித்தது. கோயில் படிகளில் கின்டா மூன்று முறை ஓடி ஏறியது. நான்காவது முறை பாதியில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது. வாய் காதுவரை விரிந்திருந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ, என்ன அழகு!" என்று கூட்டம் கைதட்டியது.

"கிட்ட போ, இன்னும் கிட்ட!" என்று உசாமி காமிராக்காரரை விரட்டினார்.

தமயோ குறுக்கே பாய்ந்து நாயை அள்ளினாள்.

"ஷாட்ல நிக்கிறீங்க, தள்ளுங்க!"

"நிப்பேன். இது செத்துக்கிட்டிருக்கு, உங்களுக்குக் கண்ணு தெரியலயா?"

மருத்துவமனையில் இரண்டு நாள் போராடி கின்டா பிழைத்தது. தமயோவுக்கு அதன்பின் யாரும் வேலை தரவில்லை. அவள் பாய்வதற்கு முந்தைய நொடியில் எடுத்த அந்த முகம், மறுமாதம் ரயில் நிலையங்களில் ஆளுயரச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. அதன் கீழே நின்று பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

டிவியில் இரண்டு வயது நாயொன்று கின்டா என்ற அதே பெயரில் ஓடத் தொடங்கியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. தமயோ டிவி நிலையத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினாள். பதில் இல்லை. அவளுடைய கின்டா மார்கழிக் குளிரில், அவள் மடியில் கண்ணை மூடியது.

அடுத்த கோடை விழாவுக்கும் கின்டா வருகிறது என்று அறிவித்தார்கள். விழாவன்று காலை தமயோ ஐஸ் பெட்டியையும் ஈரத் துணிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குமகயாவுக்குப் புறப்பட்டாள். வழியெல்லாம் வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.